கம்மந்தான் கான்சாகிபு

செங்கற்பட்டில் பழைய கோட்டையின் மதிற்பகுதிகள் இன்றும் எஞ்சி நிற்கின்றன. கோட்டை இருந்த நிலத்தை ஊடறுத்துக்கொண்டே தொடர்வண்டிப் பாதை செல்கிறது. நம் அணுபுரத்திற்கு அருகே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கடலை நோக்கி இடிந்து கிடக்கிறது. வடக்கே கோவளத்தில் ஒரு கோட்டை இருந்தது. இன்று அது இல்லை. இம்மூன்று இடங்களையும் நாம் அடிக்கடி கடந்து செல்கிறோம். ஆயினும், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இவற்றைச் சுற்றி நிகழ்ந்த பெரும் போரைப் பற்றியோ, அப்போரில் துப்பாக்கி ஏந்தி நின்ற நம் நாட்டு எளிய மக்களைப் பற்றியோ நம் இளைஞர் பலர் அறிந்திலர்.

அப்போரை நடத்திய நவாபுகளின் பெயரும் வெள்ளைத் தளபதிகளின் பெயரும் ஏடுகளில் நிறைந்துள்ளன. நடந்து நடந்து கால் தேய்ந்து, பசியால் வாடி, பிறர் வெற்றிக்காக உயிர்விட்ட சிப்பாய்களின் பெயரோ பெரும்பாலும் எழுதப்படவில்லை. அவர்களுள் ஒருவர் மட்டும் தம் பெயரை வரலாறு மறக்க முடியாதபடி உயர்ந்தார். மருதநாயகம் என்று பிறந்து, முகம்மது யூசுப்கான் என்று பெயர் பெற்று, கம்மந்தான் கான்சாகிபு என மக்களால் அழைக்கப்பட்டவர் அவரே. அவர் நம் குலத்தவர் அல்லர். எனினும் பிறப்பின் துணையோ செல்வத்தின் துணையோ இன்றி உயர்ந்து, உயர்த்தியவர்களாலேயே கைவிடப்பட்ட அவருடைய வரலாற்றில் நம் சமுதாயம் கற்க வேண்டிய பாடம் உண்டு. அதனாலேயே நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றைச் சுருக்கித் தருகிறோம்.

பிறப்பும் இளமையும்

இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த பனையூர் அவர் பிறந்த ஊர் என்பர். ஏறத்தாழ 1725 ஆம் ஆண்டில் பிறந்தார் என ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். இந்து வேளாளக் குடியில் பிறந்த அவர் இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறினார். ஐரோப்பியர் வாழ்ந்த கடற்கரை நகரங்களில் பணி செய்து பிழைத்தார்; இசுலாம் சமயத்தைத் தழுவினார்; பின்னர்ச் சிப்பாய் ஆனார். தமிழோடு உருது, பிரெஞ்சு, போர்த்துக்கீசியம், ஆங்கிலம் ஆகிய மொழிகளிலும் அவருக்குப் பழக்கம் இருந்ததாகக் கூறுவர்.

அவருக்குப் பள்ளி வாய்ப்பு இருந்ததென்று சொல்வதற்கில்லை. சென்ற இடமெல்லாம் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருந்து கற்றுக்கொண்ட அறிவே அவருடைய முதற்பொருள். ஐரோப்பியர் படையை எவ்வாறு அணிவகுக்கின்றனர், பீரங்கியை எவ்வாறு கையாளுகின்றனர், உணவுப் பொருளை எவ்வாறு கணக்கிட்டு வழங்குகின்றனர் என்பவற்றையெல்லாம் அவர் கூர்ந்து கவனித்தார் என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கை காட்டுகிறது.

ஆர்க்காட்டு வாரிசுப் போர்

அக்காலத்தில் தமிழகத்தின் வடபகுதி முழுவதும் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்தது. 1749 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆம்பூரில் நடந்த போரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகம்மது அலி தப்பித் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் புகுந்தார். பழைய நவாபின் உறவினரான சந்தா சாகிபு ஆர்க்காட்டில் ஆட்சியைக் கைப்பற்றினார். ஒரே நாட்டின் அரியணைக்கு இருவர் உரிமை கோரினர். பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபின் பக்கமும், ஆங்கிலக் கும்பினியார் முகம்மது அலியின் பக்கமும் நின்றனர். இப்போரை ஐரோப்பியர் போர் என்று பாடநூல்கள் எழுதினும், அடிப்படையில் இது ஒரு நாட்டின் இரு பிரிவார் தமக்குள் நடத்திய உள்நாட்டுப் போரே ஆகும். ஒரு தெருவில் பிறந்தவர் ஒருவர் இப்படையிலும் ஒருவர் அப்படையிலும் கூலிக்குச் சேர்ந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர்.

1751 ஆம் ஆண்டில் கிளைவு என்னும் இளம் ஆங்கில அதிகாரி 200 வெள்ளையரோடும் 300 சிப்பாய்களோடும் சென்னையிலிருந்து புறப்பட்டு ஆர்க்காட்டைப் பிடித்தார். பின்னர் எதிரிகள் அக்கோட்டையை முற்றுகையிட்டபோது ஐம்பது நாள் அதனைக் காத்து நின்றார். கிளைவின் புகழுக்கு அடித்தளமான அவ்வெற்றியில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டுச் சிப்பாய்கள் என்பதை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

அந்நாளில் சிப்பாய்ப் படை இன்றைய படைபோல் அமைந்ததன்று. எவரையும் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதில்லை. ஊதியத்திற்கு விரும்பி வருபவர் வந்தனர். ஒரு தலைவன் தனக்கு வேண்டியவர்களைத் திரட்டிக்கொண்டு வருவான். அவனே அவர்களுக்குச் சுபேதார் அல்லது சமேதார் ஆவான். அவ்வாறு தம் ஆட்களோடு 1752 ஆம் ஆண்டில் கிளைவின் படையில் வந்து சேர்ந்தவர் யூசுப்கான். நெல்லூர்ச் சுபேதார் என்று அவரை ஆங்கிலேயர் அழைத்தனர்.

அதே 1752 ஆம் ஆண்டில் நம் மாவட்டத்திலும் போர் மூண்டது. கோவளமும் செங்கற்பட்டும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. கிளைவு புதிதாக வந்த 200 வெள்ளையரையும் புதிதாகத் திரட்டிய 500 சிப்பாய்களையும் அழைத்துக்கொண்டு வந்தார். பயிற்சி இல்லாத அப்படையினர், வெள்ளையர் சிப்பாய் என்ற வேறுபாடின்றி, கோவளத்தில் முதற் குண்டுச் சத்தத்திலேயே ஓடினர். சில நாளில் அவர்களே நின்று போரிடக் கற்றனர். கோவளம் வீழ்ந்தது, அடுத்துச் செங்கற்பட்டும் வீழ்ந்தது. அஞ்சி ஓடியவனையும் பயிற்சி சில நாளில் வீரனாக்கும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே இந்தச் சான்று இருக்கிறது. வீரம் சில குலங்களுக்கு மட்டும் பிறப்பிலேயே அமைவது என்று பிற்காலத்தில் கூறப்பட்ட பொய்யை இது தகர்க்கிறது.

திருச்சிராப்பள்ளியில்

1752 ஆம் ஆண்டில் சந்தா சாகிபு கொல்லப்பட்டார். ஆயினும் போர் ஓயவில்லை. திருச்சிராப்பள்ளியைப் பெறுவதற்காக மைசூராரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து அதனைச் சூழ்ந்தனர். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு உணவு கொண்டுவருவதே பெரும் போராட்டமாயிற்று. புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் மாட்டுப்பொதிகளில் அரிசி வரவேண்டும்; வழியெங்கும் எதிரியின் குதிரைப்படை சுற்றித் திரியும்.

இவ்விடத்தில்தான் யூசுப்கானின் திறமை வெளிப்பட்டது. காட்டுவழி, ஆற்றுத்துறை, ஒற்றையடிப் பாதை ஆகிய யாவும் அவருக்குத் தெரிந்திருந்தன. இரவில் புறப்பட்டு விடியுமுன் பொதிகளைக் கோட்டையில் சேர்ப்பார். எதிரியின் பாசறையில் என்ன நடக்கிறதென்று ஒற்றர் வழி அறிந்து சொல்வார். ஆங்கிலப் படைத்தலைவரான மேஜர் லாரன்சு அவரை மிகவும் நம்பினார். லாரன்சின் பரிந்துரையால் 1754 ஆம் ஆண்டில் கும்பினியின் சிப்பாய்கள் அனைவர்க்கும் யூசுப்கான் தலைவராக்கப்பட்டார். கமாண்டன்டு என்ற அப்பதவிப் பெயரே மக்கள் வாயில் கம்மந்தான் ஆயிற்று. அவருக்குத் தங்கப் பதக்கமும் வழங்கப்பட்டது.

அவருடைய உயர்வைக் கண்டு பொறாமை கொண்டோரும் இருந்தனர். ஆங்கிலேயரிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன் என்பவர் மைசூராரோடு மறைவாகச் சேர்ந்து, யூசுப்கான் எதிரிக்குத் துணைபோவதாகக் காட்டும் பொய்க் கடிதம் ஒன்றைப் புனைந்தார். யூசுப்கான் ஐயத்துக்கு உள்ளானார். விசாரணையில் உண்மை வெளிப்பட்டது. பொன்னியப்பன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டார். தண்டனையின் கொடுமை அக்காலத்து வழக்கம். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. படைத்தலைவனுடைய உயிர், மொழி அறிந்த ஒருவனுடைய எழுதுகோலில் தொங்கிக்கொண்டிருந்தது. களத்தில் எத்துணை வெற்றி பெற்றாலும் எழுத்தும் கணக்கும் பிறர் கையில் இருக்கும்வரை ஒருவனுக்குப் பாதுகாப்பில்லை.

திருச்சிராப்பள்ளியில் சிப்பாய்கள் மடிந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1754 ஆம் ஆண்டு சனவரியில், நம் சதுரங்கப்பட்டினத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கூடிச் சமாதானம் பேசினர். டச்சுக்காரர் ஊர் ஆகையால் அது இருவர்க்கும் பொது இடமாயிற்று. யார் நவாப், யாரிடம் இருக்கும் பட்டயம் உண்மையானது என்று வாதிட்டு, முடிவு எதுவும் காணாமல் பிரிந்தனர். அந்த நாட்டில் உழுது வாழ்ந்த மக்களுக்கு என்ன வேண்டும் என்று அங்கே எவரும் கேட்கவில்லை. போரில் செத்தவர்களின் பிள்ளைகளைப் பற்றியும் பேச்சில்லை.

செங்கற்பட்டுக் கோட்டையும் சென்னை முற்றுகையும்

1756 ஆம் ஆண்டில் யூசுப்கான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு அனுப்பப்பட்டார். நவாபுக்கு வரி செலுத்த மறுத்த பாளையக்காரரை அடக்குவது அவருக்கு இட்ட பணி. 1757 இல் மதுரை மீண்டும் கும்பினியார் வசமாயிற்று. அவர் அங்கே இருந்தபோது வடக்கே பேரிடர் சூழ்ந்தது.

பிரான்சிலிருந்து லாலி என்னும் தளபதி பெரும்படையோடு வந்து, 1758 ஆம் ஆண்டு திசம்பரில் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். கருப்பர் பட்டணம் என்று அழைக்கப்பட்ட நம்மவர் குடியிருப்புப் பகுதி பிரெஞ்சுப் படையின் கொள்ளைக்கு ஆளாயிற்று. புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் பாலாற்றுக்கு அண்மையில் நின்ற செங்கற்பட்டுக் கோட்டையை லாலி பிடிக்காமல் விட்டுச் சென்றார். அது அவர் செய்த பெருந்தவறாக முடிந்தது. கேப்டன் பிரஸ்டன் என்பவரின் தலைமையில் ஆங்கிலப் படை ஒன்று அங்கே இருந்தது. தெற்கேயிருந்து ஏறத்தாழ 2000 சிப்பாய்களோடு வந்த யூசுப்கான் அவரோடு சேர்ந்துகொண்டார்.

செங்கற்பட்டை இருப்பிடமாகக் கொண்டு அவ்விருவரும் பிரெஞ்சுப் படையின் முதுகில் அடித்தவண்ணம் இருந்தனர். புதுச்சேரியிலிருந்து வரும் உணவும் மருந்தும் மாட்டுவண்டிகளும் வழியில் மறிக்கப்பட்டன. முன்னால் கோட்டையைத் தாக்கிக்கொண்டே பின்னால் தன் வழியையும் காக்க வேண்டிய நிலை லாலிக்கு ஏற்பட்டது. இவர்களை ஒழித்தாலன்றிச் சென்னையைப் பிடிக்க முடியாதென்று கண்ட பிரெஞ்சுக்காரர், 1759 ஆம் ஆண்டு பிப்ரவரி 9 ஆம் நாள் பரங்கிமலையில் பெரும்படையோடு வந்து தாக்கினர். தென்னாட்டிலிருந்து வந்து தலைமை ஏற்றிருந்த மேஜர் கலியோவும் பிரஸ்டனும் யூசுப்கானும் நாள் முழுவதும் நின்று போரிட்டனர். வெடிமருந்து தீர்ந்துகொண்டிருந்தது. மாலையில் பிரெஞ்சுக்காரரே பின்வாங்கினர். ஒரு வாரத்தில் ஆங்கிலக் கப்பல்கள் சென்னைக் கடலில் தோன்றின. பிப்ரவரி 17 ஆம் நாள் லாலி முற்றுகையைக் கைவிட்டுச் சென்றார்.

சென்னைக் கோட்டை அன்று வீழ்ந்திருந்தால் இந்தியாவின் பிற்கால வரலாறே வேறாக இருந்திருக்கலாம். அதனைக் காத்ததில் செங்கற்பட்டுக்கும் யூசுப்கானின் சிப்பாய்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அந்த முற்றுகைக் காலத்தை ஒட்டியே, அதாவது 1758, 1759 ஆம் ஆண்டுகளிலேயே, தனித்தனிக் கூட்டமாக இருந்த சென்னைச் சிப்பாய்கள் முறையான பட்டாளங்களாக அமைக்கப்பட்டனர். பிற்காலத்து மதராஸ் படையின் தொடக்கம் அதுவே.

மதுரைச் சீமையில்

1759 ஆம் ஆண்டில் யூசுப்கான் மீண்டும் தெற்கே சென்றார். இம்முறை மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க் குத்தகைக்கு எடுத்து ஆளும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. 1760 இல் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய டச்சுப் படையை எதிர்த்து அதனைத் திரும்பச் செய்தார். 1761 இல் நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கோட்டைகளைப் பிடித்தார்.

இங்கு நாம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெள்ளையர் ஆட்சியை முதன்முதல் எதிர்த்தவர்களுள் ஒருவர் என்று பூலித்தேவரைத் தமிழகம் போற்றுகிறது. அவரை ஒடுக்கியவர் யூசுப்கான். கள்ளர் நாட்டிலும் அவர் கடுமையாக நடந்துகொண்டார். கும்பினியின் ஆட்சி தென்னாட்டில் வேரூன்ற அவருடைய வாள் துணை செய்தது. பின்னாளில் அவர் அக்கும்பினியையே எதிர்த்தார் என்பதால் முன்னாளைய செயல்கள் மறைந்துவிடா. ஒரு மனிதரை முழுமையாகப் பார்க்க வேண்டுமாயின் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆயினும் அவருடைய ஆட்சியில் மக்கள் அமைதி கண்டனர் என்பதை ஆங்கில அதிகாரிகளே ஒப்புக்கொண்டுள்ளனர். வழிப்பறி குறைந்தது. ஏரிகளும் கால்வாய்களும் பழுது பார்க்கப்பட்டன. நெசவாளர்க்கும் வணிகர்க்கும் பாதுகாப்புக் கிடைத்தது. தாம் இசுலாமியராக இருந்தும் மதுரைக் கோயிலுக்கு உரிய மானியங்களை மீண்டும் நடைமுறைப்படுத்தினார் என மதுரை வரலாறு கூறும். குத்தகைப் பணத்தையும் செலுத்தினார். நவாபின் ஆட்கள் பல ஆண்டுகளாகத் தண்டமுடியாத வரியை அவர் தண்டினார்.

முறிவு

அத்திறமையே அவருக்குப் பகையாயிற்று. தம் குடிமகன் ஒருவன் தம்மினும் நன்றாக ஆள்வதை நவாப் முகம்மது அலி விரும்பவில்லை. நவாபோ ஆங்கிலேயரிடம் பெருங்கடன் பட்டிருந்தார். போர்ச் செலவைத் திருப்பித் தருவதற்கு மதுரைச் சீமையின் வருவாய் தம் கைக்கு வரவேண்டும் என்றார். யூசுப்கான் தம்மைக் கும்பினியின் பணியாளராகக் கருதியிருந்தார். அவர்களே தம்மை அமர்த்தினர், அவர்களுக்கே தாம் கடமைப்பட்டவர் என்பது அவர் எண்ணம். கூடுதல் குத்தகை கட்டவும் முன்வந்தார். 1761 இல் புதுச்சேரி வீழ்ந்து பிரெஞ்சுக்காரர் அச்சம் நீங்கியபின் கும்பினியார்க்கு அவருடைய தேவை குறைந்துவிட்டது. நவாபின் உரிமையை ஏற்று, அவருடைய பணியாளனாக இருக்குமாறு யூசுப்கானுக்குக் கட்டளையிட்டனர்.

பத்தாண்டு உழைப்புக்குப் பின் தம்மை வெறுப்பவர் கையில் தாம் ஒப்படைக்கப்படுவதை அவர் ஏற்கவில்லை. 1763 ஆம் ஆண்டில் அவர் வெளிப்படையாக எதிர்த்து நின்றார். பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மர்ச்சாண்டு என்னும் பிரெஞ்சு அதிகாரியும் சில ஐரோப்பியரும் அவரிடம் வந்து சேர்ந்தனர். மதுரைக் கோட்டையைப் பலப்படுத்தினார்.

அதே 1763 ஆம் ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. யூசுப்கானும் அவருடைய சிப்பாய்களும் நான்காண்டுகளுக்கு முன் குருதி சிந்திக் காத்த செங்கற்பட்டுச் சீமையை, நவாப் கும்பினியார்க்குச் சாகீராக எழுதிக்கொடுத்தார். கும்பினியார் நம் மண்ணுக்கு நேரடி உரிமை பெற்றது அப்போதுதான். காத்தவனுக்குக் கலகக்காரன் என்னும் பெயரும், கடன் கொடுத்தவனுக்கு நாடும் கிடைத்தன.

முற்றுகையும் முடிவும்

1763 ஆம் ஆண்டின் இறுதியில் கர்னல் மான்சன் தலைமையில் வந்த படை மதுரையைப் பிடிக்க முடியாமல் மழைக்காலம் வந்ததும் திரும்பிற்று. 1764 இல் மேஜர் காம்பெல் தலைமையில் மீண்டும் முற்றுகை தொடங்கியது. சூன் 26 ஆம் நாள் கோட்டை மதிலை உடைத்து ஏற முயன்றனர். கோட்டையில் இருந்தவர் கடுமையாக எதிர்த்து அவர்களைப் பின்வாங்கச் செய்தனர். அத்தாக்குதலில் மரணக் காயம் அடைந்த ஆங்கில அதிகாரிகளுள் மேஜர் பிரஸ்டனும் ஒருவர். செங்கற்பட்டுக் கோட்டையில் யூசுப்கானோடு தோளோடு தோள் நின்ற அதே பிரஸ்டன்தான் அவர். மதிலுக்கு வெளியே நின்ற சிப்பாய்களிலும் யூசுப்கான் தலைமையில் முன்பு போரிட்டவர் இருந்தனர். அவரிடம் கற்ற போர்முறையை அவர் மீதே செலுத்த வேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது.

போரில் வெல்ல முடியாத கோட்டையைப் பசியால் வெல்ல எண்ணி எல்லா வழிகளையும் அடைத்தனர். உள்ளே உணவு தீர்ந்தது. குதிரைகளைக் கொன்று தின்னும் நிலை வந்தது. யூசுப்கான் நிபந்தனையோடு சரணடைய முன்வந்தார்; அது ஏற்கப்படவில்லை. இந்நிலையில் அவருடைய திவான் சீனிவாசராவும் மர்ச்சாண்டும் வேறு சிலரும் சேர்ந்து, 1764 ஆம் ஆண்டு அக்டோபர் 13 ஆம் நாள், அவர் தொழுகையில் இருந்தபோது பிடித்துக் கட்டினர். மறுநாள் அவரை எதிரிகளிடம் ஒப்படைத்தனர். அக்டோபர் 15 ஆம் நாள் மாலை, மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில், நவாபின் ஆணைப்படி அவர் தூக்கிலிடப்பட்டார். வழக்கு மன்றம் எதுவும் கூடவில்லை. அவருடைய சொல்லை எவரும் கேட்கவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பதளவில் இருக்கும்.

இறந்தபின்னும் அவரிடம் அஞ்சி உடலைத் துண்டுகளாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினர் என்று மக்கள் சொல்வர். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தின் மேல் 1808 ஆம் ஆண்டில் தர்கா எழுப்பப்பட்டது. எல்லாச் சமயத்தவரும் அங்குச் சென்று வணங்குகின்றனர். மதுரையில் அவர் பெயரால் கான்சா மேட்டுத் தெரு உள்ளது. தென்மாவட்டங்களில் கான்சாபுரம் என்னும் ஊர்கள் உள்ளன. கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடல் அவருடைய வரலாற்றை ஊர்தோறும் பரப்பிற்று. நவாபின் அரண்மனை ஏடுகளில் கலகக்காரனாக எழுதப்பட்டவரை மக்கள் வீரராகப் பாடினர்.

நாம் அறிய வேண்டுவன

இவ்வரலாற்றை நம் மாவட்டத்து வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்போம். யூசுப்கான் இறந்தபின் மதராஸ் படை வளர்ந்தது. அதில் நம் மக்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். பாதை வெட்டும் பயனியர் பட்டாளங்களிலும், பாலம் கட்டிச் சுரங்கம் வைக்கும் சாப்பர் படையிலும் பறையர் குலத்து வீரர் பலர் பணிபுரிந்து கடல் கடந்தும் சென்றனர். ஊரில் பொதுக்கிணற்றில் நீர் எடுக்க உரிமையில்லாதவர், படையில் மற்றவரோடு அணிவகுத்து நின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சில இனத்தாரே போர்க்குணம் உடையோர் என்னும் கொள்கையை ஆங்கிலேயர் கைக்கொண்டனர். அதனால் தென்னாட்டாரும் தாழ்த்தப்பட்டோரும் படையிலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டனர். மதராஸ் பயனியர் படை 1933 ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. மராட்டியத்தில் மகர் மக்களுக்கும் இதே கதி நேர்ந்தது. படைச் சுபேதாரின் மகனாகப் பிறந்த அண்ணல் அம்பேத்கர் அதனை எதிர்த்து வாதாடினார். 1941 ஆம் ஆண்டில் மகர் படைப்பிரிவு மீண்டும் அமைக்கப்பட்டது. வாளால் ஈட்டிய இடத்தைப் பறிப்பது எளிதாக இருந்தது. மனுவும் வாதமும் சட்டமும் கொண்டு மீட்டதே நிலைத்தது.

நம் செங்கற்பட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1763 இல் கும்பினியார் கைக்கு வந்த இந்த மாவட்டத்தில், நிலம் மிராசுதாரர் கையிலேயே இருந்தது. நம் முன்னோர் படியாள்களாக அந்நிலத்தை உழுதனர். எத்தனை போரில் நம்மவர் உழைத்தும் குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. 1891 ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்த திரமென்கீர், பறையர் மக்களின் நிலையை ஊர் ஊராக ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892 ஆம் ஆண்டில் தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று கூறுவது அதுவே. அந்நிலத்தை மற்றவர் வாங்கக்கூடாதென்று நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி நம் கையை விட்டுப் போயிற்று. படிக்கத் தெரியாதவனிடம் கைநாட்டு வாங்குவது எளிதாக இருந்ததே அதற்கு ஒரு பெருங்காரணம். 1994 ஆம் ஆண்டில் காரணைப் பஞ்சமி நிலத்திற்காக நடந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர்நீத்ததை நம் பெரியவர் மறந்திலர்.

இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893 ஆம் ஆண்டில் பறையன் என்னும் இதழைத் தொடங்கினார். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து நம் உரிமையைக் கேட்டார். படை எதுவும் அவரிடம் இல்லை. இதழும் மனுவும் சொல்லாற்றலுமே அவருடைய கருவிகள். கான்சாகிபிடம் படை இருந்தது, கோட்டை இருந்தது, வீரம் இருந்தது. தம் உரிமை இதுவென்று காட்ட உறுதியான ஓர் எழுத்துமூல உடன்படிக்கையும், தம் வழக்கைக் கேட்க ஒரு மன்றமும் அவருக்கு இல்லை. பெரியோர் நட்பையே பாதுகாப்பாக நம்பினார். தேவை தீர்ந்தவுடன் அந்நட்பும் தீர்ந்தது.

இளைஞர்களே! கல்பாக்கத்திலும் சென்னையிலும் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் நீங்கள் இன்று பணிக்குச் செல்கிறீர்கள். சிலர் படையிலும் காவல்துறையிலும் சேருகிறீர்கள். உழைப்பில் எவர்க்கும் குறையாதீர்கள். கான்சாகிபைப் போல் கண்டதையெல்லாம் கற்றுக்கொள்ளுங்கள். அதனோடு உங்கள் பணி ஆணை, ஊதியக் கணக்கு, நிலப் பட்டா, சாதிச் சான்றிதழ் ஆகியவற்றைப் படித்து, பொருள் உணர்ந்து, பத்திரப்படுத்துங்கள். படிக்கத் தெரியாத பெற்றோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் படித்துச் சொல்லுங்கள். எவருடைய தயவையும் உரிமையென்று எண்ணி ஏமாறாதீர்கள். தனியொருவராக உயர்ந்தவரை வீழ்த்துவது எளிது. சங்கமாக நின்று உயர்ந்தவரை வீழ்த்துவது அரிது.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் மாலைநேரப் பாட வகுப்புகளையும் புத்தக உதவியையும் பெரிதெனக் கருதிச் செய்து வருவதன் காரணம் இதுவே. செங்கற்பட்டு வழியாகச் செல்லும்போது அக்கோட்டை மதிலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கே நின்று போரிட்ட பெயரறியாச் சிப்பாய்களையும் அவர்களின் தலைவரையும் நினைவூட்டுங்கள். அவர்கள் இழந்த உரிமையைப் பெறுவதற்கு வேண்டிய கல்வி நம் பிள்ளைகள் கையில் இருக்கட்டும்.